வேலை முடிந்து மாலையில் நெட்வேர்க்கிங் படிக்கலாமா? கொழும்பில் இருப்பவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது. வயது 33. வீடு வெள்ளவத்தையில், வேலை புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கடையில், கணக்குப் பிரிவு. உயர்தரம் தமிழ் மொழிமூலம், வர்த்தகம். கடையில் கொம்பியூட்டரோ ரவுட்டரோ கமெராவோ மக்கர் பண்ணினால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்படியே அந்த வேலையில் விருப்பம் வந்துவிட்டது. காலி வீதியில் ஒரு நிலையத்தில் விசாரித்திருக்கிறார். சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பனியின் நெட்வேர்க்கிங் சான்றிதழ்), எம்சிஎஸ்இ (மைக்ரோசொப்டின் சேர்வர் சான்றிதழ்), லினக்ஸ் (விண்டோஸ் போல ஒரு இயங்குதளம்), எத்திக்கல் ஹேக்கிங் (அனுமதியோடு பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவது) நான்கும் சேர்த்து ஆறு மாதம், வாரம் இரண்டு மாலை, 1,85,000 ரூபா, இந்த வாரமே கட்டினால் கழிவு என்று சொல்லியிருக்கிறார்கள். சேரலாமா, இந்த வயதில் பிரயோசனம் இருக்குமா, ஆங்கிலம் போதாதே என்று கேட்கிறார்.

நான் நெட்வேர்க் துறையில் நீண்டகாலமாக இருக்கிறேன், மாலை வகுப்புகளும் எடுத்திருக்கிறேன். நேரடியாகவே சொல்கிறேன்: படியுங்கள், மாலை வகுப்புக்கும் போங்கள். ஆனால் அந்த நான்கும் சேர்ந்த பொதியில் சேர வேண்டாம்.

முதலாவது காரணம், எம்சிஎஸ்இ என்ற சான்றிதழ் இப்போது இல்லை. மைக்ரோசொப்ட் அதை 2021 ஜனவரி 31உடன் நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக வந்தவை வேலைப் பொறுப்பை வைத்துப் பிரித்த சான்றிதழ்கள். அஷூர் என்ற அதன் கிளவுட் சேவையின் நிர்வாகிக்கான ஏஇசட்-104 அப்படி ஒன்று. விண்டோஸ் சேர்வர் பாடத்தைப் பழைய பெயரில் நடத்துவதில் பெரிய குற்றம் இல்லை, பாடம் பாடம்தான். ஆனால் முடிவில் எந்தப் பரீட்சைக்கு உங்களை அனுப்பப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் மற்ற மூன்றையும் அதே மாதிரித்தான் நடத்துவார்கள்.

இரண்டாவது, கணக்கு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், போட்டுப் பார்க்கலாம். ஆறு மாதம் 26 வாரம். வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம் என்றால் 104 மணித்தியாலம். போயா, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக் எல்லாம் போக 90 மிஞ்சினால் பெரிய காரியம். சிஸ்கோ தன் நெட்வேர்க்கிங் அகடமியில் சிசிஎன்ஏக்கு மூன்று பாடநெறி வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 70 மணித்தியாலம் என்று போட்டிருக்கிறது. அது மட்டுமே 210. அப்படியிருக்க நான்கு பாடத்தை 90 மணித்தியாலத்தில் எப்படி முடிப்பார்கள்? ஸ்லைடைத் தள்ளிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நெட்வேர்க்கிங் பாடம் இன்று இலவசம். சிஸ்கோ அகடமியின் தளத்தில் கணக்குத் திறந்தால் அடிப்படைப் பாடங்களைக் காசு கொடுக்காமல் படிக்கலாம். பக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருளையும் அங்கேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் ரவுட்டர், சுவிட்ச், கொம்பியூட்டர் எல்லாவற்றையும் திரையில் இழுத்து வைத்து, கேபிள் கொடுத்து, கட்டளை அடித்துப் பழகலாம். சாதாரண லாப்டொப்பே போதும். யூடியூப்பில் ஜெரமிஸ் ஐடி லேப் என்ற ஒரு சானல் சிசிஎன்ஏ பாடத்திட்டம் முழுவதையும் இலவசமாக நடத்துகிறது, பயிற்சிக் கோப்புகளோடு. ஆகவே ஒரு நிலையத்துக்குக் காசு கொடுக்கும்போது, இலவசமாகக் கிடைக்காத எதை இவர்கள் தருகிறார்கள் என்ற ஒரு கேள்வியைக் கையில் வைத்திருங்கள்.

அப்படித் தரக்கூடியவை சில உண்டு. அவற்றுக்குக் காசு கொடுப்பது வீணில்லை. கையால் தொடக்கூடிய உபகரணம், பிழை விட்டால் பக்கத்தில் நின்று காட்டித்தரும் ஒருவர், செவ்வாய் வியாழன் ஆறு மணிக்கு வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம், உங்களைப் போலவே வேலை முடிந்து களைத்து வந்து படிக்கும் நாலு பேர். இந்தக் கடைசி ஆட்களை லேசாக நினைக்காதீர்கள். நான் படிப்பித்த வகுப்புகளில் முதல் வேலை கிடைத்தவர்கள் பலருக்கு அது பக்கத்துக் கதிரையில் இருந்தவர் மூலம்தான் கிடைத்தது. ஒருவர் ஒரு இணையச் சேவைக் கம்பனியில் பீல்ட் டெக்னீசியன், இன்னொருவர் வங்கியில் ஹெல்ப்டெஸ்க். அங்கே ஆள் தேவை என்று முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

சேருவதற்கு முன் ஒரு மாலை சும்மா உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். நல்ல இடம் விடும். போனால் விரிவுரையாளரைவிட ஆய்வுகூடத்தைக் கவனியுங்கள். சிஸ்கோ உபகரணங்களோடு ஒரு தட்டையான இளநீலக் கேபிள் வரும், கன்சோல் கேபிள். ரவுட்டருக்கு ஐபி முகவரி (நெட்வேர்க்கில் அதன் எண் முகவரி) எதுவும் கொடுக்காத நிலையில் அதோடு பேச அதுதான் வழி. ஒரு முனையை ரவுட்டரிலும் மறு முனையை கொம்பியூட்டரிலும் கொழுவி, வேகத்தை 9600 என்று வைத்து, மின்சாரத்தைப் போட்டால் திரையில் வரி வரியாக எழுத்து ஓடும். அந்தக் கேபிள்கள் மாணவர்களின் மேசையில் கிடக்கின்றனவா, அலுமாரிக்குள் பொலித்தீன் பையோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, ரவுட்டரின் பாஸ்வேர்ட் மறந்துபோனால் மீட்கும் பயிற்சியை மாணவர்களே செய்வார்களா என்று கேளுங்கள். தொடங்கும்போதே இடைமறித்து, எப்படித் தொடங்குவது என்று ரவுட்டருக்குச் சொல்லும் ரெஜிஸ்டரை 0x2142 என்று மாற்றி, பழைய கட்டமைப்பை வாசிக்காமல் எழும்ப வைத்து, பாஸ்வேர்ட்டைப் புதிதாக எழுதி, ரெஜிஸ்டரைப் பழைய எண்ணுக்கே திருப்பி வைக்கும் வேலை அது. ஒவ்வொரு மாணவரும் தன் கையால் இதைச் செய்கிற இடம் என்றால் ஆய்வுகூடம் உண்மையிலேயே பாவனையில் இருக்கிறது என்று நம்பலாம்.

கேபிள் அடிப்பதையும் அப்படியே கவனியுங்கள். எட்டுக் கம்பி. டி568பி என்ற நிற வரிசையில் வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். பச்சைச் சோடியைப் பிரித்து நீலத்துக்கு இருபுறமும் வைப்பதில்தான் புதியவர்கள் பிழை விடுவார்கள். பச்சை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தால் சோதனைக் கருவியில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் கேபிள் நீளும்போது இணைப்பு இழுபடும். ஏன் என்று கேளுங்கள். முறுக்கிய சோடிதான் குறுக்கீட்டைத் தடுக்கிறது, சோடி மாறினால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது என்று உடனே விளக்குகிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து, உங்களுக்கு ஏற்கெனவே ஒரு ஆய்வுகூடம் இருக்கிறது. அதுதான் கடை. பில் போடுகிற கொம்பியூட்டர்கள், கமெராக்களும் அதன் பதிவுப் பெட்டியும், வேலையாட்களின் போன்கள் எல்லாம் இப்போது ஒரே நெட்வேர்க்கில்தான் கிடக்கும். புறக்கோட்டையில் பெரும்பாலும் அப்படித்தான். அதைப் பிரிப்பது எப்படி என்று கடதாசியில் போட்டுப் பாருங்கள். 192.168.10.0 என்ற நெட்வேர்க்கை /26 என்று பிரித்தால் மாஸ்க், அதாவது துண்டின் அளவைச் சொல்லும் எண், 255.255.255.192. 256இலிருந்து 192ஐக் கழித்தால் 64. ஆகவே துண்டுகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும், நான்கு துண்டு. ஒவ்வொன்றிலும் 64 முகவரி. முதலாவது நெட்வேர்க்கின் பெயருக்கு, கடைசி புரோட்காஸ்ட்டுக்கு (துண்டில் உள்ள எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக அனுப்புவது), மிச்சம் 62 பாவிக்கலாம். இப்போது 192.168.10.77 எந்தத் துண்டு? 64க்கும் 128க்கும் இடையில் வருகிறது. நெட்வேர்க் .64, புரோட்காஸ்ட் .127, பாவிக்கக்கூடியது .65 முதல் .126 வரை. பில்லுக்கு ஒரு துண்டு, கமெராவுக்கு ஒன்று, போன்களுக்கு ஒன்று, நாலாவது சும்மா இருக்கட்டும். ஒவ்வொரு துண்டையும் சுவிட்சில் தனி விலானாக (ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வேர்க்) வைத்து, இடையில் ரவுட்டரில் விதி போட்டால், போனில் வந்த வைரஸ் பில் கொம்பியூட்டருக்குப் போகும் வழி அடைபடும்.

இப்படி நெட்வேர்க்கைத் துண்டாக்கும் சப்நெட்டிங்தான் பலர் பயந்து நிற்கும் இடம். வர்த்தகப் பிரிவில் படித்து நாள் முழுக்க எண்களோடு இருக்கிற உங்களுக்கு இது இரண்டு வார வேலை. இரண்டின் அடுக்குகளை 2, 4, 8 என்று 256 வரை மனப்பாடமாக வைத்திருந்தால் போதும். முதலில் கடையின் முழு அமைப்பையும் பக்கெட் ட்ரேசரில் கட்டுங்கள். உண்மையான கடையில் கை வைப்பது முதலாளியிடம் கேட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய அமைப்பை எழுதி வைத்துக்கொண்டு.

ஆங்கிலத்துக்கு வருகிறேன். பரீட்சையில் கட்டுரை எழுத வேண்டியதில்லை. சிசிஎன்ஏயில் தெரிவு வினாக்கள், இழுத்துப் பொருத்துவது, கட்டளை அடிக்கும் செயன்முறை வினாக்கள். மொத்தம் 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பிப் போக முடியாது. ஆகவே வேண்டியது வாசிப்பு வேகம். அதற்கு ஒரே மருந்து சிஸ்கோ பாடங்களை ஆங்கிலத்திலேயே தினமும் நாலு பக்கம் வாசிப்பது. வருகிற சொற்கள் ஒரு வட்டத்துக்குள்தான் சுற்றும், மூன்று மாதத்தில் பழகிவிடும். தமிழில் விளக்கும் காணொளிகள் இருக்கின்றன, முதலில் விளங்கிக்கொள்ள அவற்றைப் பாருங்கள், பிறகு அதே விடயத்தை ஆங்கிலத்தில் வாசியுங்கள்.

கொழும்பு மாலை வகுப்புகளில் உண்மையான மொழிச் சிக்கல் வேறு. ஸ்லைட் ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் சிங்களத்துக்கு மாறிவிடும். பெரும்பாலான மாணவர்களுக்கு அது வசதி, ஆசிரியரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆனால் கடினமான இடத்தில்தான் மொழி மாறும், உங்களுக்கு அந்த இடம்தான் தவறும். புறக்கோட்டையில் வேலை செய்கிறீர்கள், கதைக்கிற சிங்களம் இருக்கும், அது பாதி கைகொடுக்கும். மிச்சத்துக்கு முதல் நாளே விரிவுரையாளரிடம் போய், முக்கியமான இடங்களை ஆங்கிலத்திலும் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். கேட்காமல் பின்வரிசையில் இருந்து மூன்றாம் மாதம் நின்றுபோன நல்ல தமிழ்ப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றைக்கும் மனவருத்தம் அதில்தான்.

காசு விடயம். சிசிஎன்ஏ பரீட்சை 200-301, கட்டணம் 300 அமெரிக்க டொலர், வரி வேறு. டொலர் 300 ரூபா என்று வைத்தால் 90,000 ரூபா. வகுப்புக் கட்டணத்தில் இது அடங்குமா என்பதைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள், பெரும்பாலும் அடங்காது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டபோது, வகுப்பை முடித்துவிட்டுப் பரீட்சைக்குக் காசு போதாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். ஆகவே பரீட்சைக் காசை முதல் மாதத்திலிருந்தே தனியாகச் சேருங்கள். சிஸ்கோ அகடமியாகப் பதிவான நிறுவனத்தில் ஆசிரியரோடு படித்து, மூன்றாவது பாடநெறியின் இறுதிப் பரீட்சையை முதல் தடவையே நல்ல புள்ளியோடு முடித்தால் கட்டணத்தில் கழிவு வவுச்சர் கிடைக்கும். எனவே ‘நாங்களும் சிஸ்கோ படிப்பிக்கிறோம்’ என்கிற இடத்துக்கும் உண்மையான அகடமிக்கும் காசிலேயே வித்தியாசம் இருக்கிறது. சான்றிதழ் மூன்று வருடத்துக்குத்தான் செல்லும் என்பதையும் மனதில் வையுங்கள். பாடம் முடியும் முன் அவசரப்பட்டு எழுத வேண்டாம், வேலை தேடத் தயாராகும்போது எழுதுங்கள்.

அப்புறம் டம்ப்ஸ். பழைய கேள்விகளின் பிடிஎப் வட்ஸ்அப்பில் வரும், ‘இதைப் பாடமாக்கினால் பாஸ்’ என்பார்கள். தொடாதீர்கள். பிடிபட்டால் சிஸ்கோ சான்றிதழை ரத்துச் செய்யும். பிடிபடாவிட்டாலும் நேர்முகத்தில் ஒரு சுவிட்சை முன்னால் வைத்து ‘இந்த இரண்டு போர்ட்டையும் வேறு விலானில் போடுங்கள்’ என்றால் கை நடுங்கும். நான் நேர்முகம் எடுக்கும்போது முதலில் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

சரி, எந்த வரிசையில் படிப்பது? கொம்பியூட்டர் பழுது பார்ப்பதில் கை ஓடுகிறது என்றால் கொம்ப்டியா அமைப்பின் கொம்பியூட்டர் பழுதுபார்ப்புச் சான்றிதழான ஏ பிளஸை எழுத வேண்டியதில்லை, பாடத்திட்டத்தை மட்டும் ஒருமுறை வாசித்து ஓட்டைகளை அடையுங்கள். அது இரண்டு தனிப் பரீட்சை, இரண்டு கட்டணம். அவர்களின் நெட்வேர்க் பிளஸ் நல்ல பாடம், ஆனால் உங்கள் காசு ஒரு பரீட்சைக்குத்தான் போதும் என்றால் சிசிஎன்ஏயில் போடுங்கள், கொழும்பு விளம்பரங்களில் கேட்கப்படுவது அந்தப் பெயர்தான். அதன் பாடத்திட்டத்தில் கால்வாசி, 25 வீதம், ஐபி இணைப்பும் ரவுட்டிங்கும். அடிப்படையும் சுவிட்சிங் பக்கமும் தலா 20 வீதம். இந்த மூன்றில் நேரத்தைக் கொட்டுங்கள். லினக்ஸ் அதற்குப் பிறகு, வீட்டில். எத்திக்கல் ஹேக்கிங் இப்போது வேண்டவே வேண்டாம். நெட்வேர்க் விளங்காதவருக்கு அது கருவிகளின் பெயர்ப் பட்டியல் மட்டும்.

வேறு பாதைகளும் இருக்கின்றன. உங்கள் கடையிலிருந்து மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரி கிட்டத்தான். 1893இல் தொடங்கிய இடம், பகுதிநேரப் பாடநெறிகளும் நடத்துகிறது. அங்கேயும் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்களிலும் கிடைப்பது என்.வி.கியூ., அதாவது தேசிய தொழிற் தகைமை. அது ஏழு மட்டம், அரச வேலைக்குச் செல்லும், செலவும் குறைவு. தமிழ் மொழிமூலம் இந்தத் தடவை உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். தனியார் நிலையம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று அதன் தளத்திலேயே பார்க்கலாம். பட்டம் வேண்டும் என்ற ஆசை இருந்தால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி நடத்தும் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. முதல் வருடத்தோடு டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா என்று இடையில் இறங்கவும் வழி உண்டு. ஆனால் அது மென்பொருள், கணிதம் எல்லாம் சேர்ந்த நீண்ட பாதை. உங்கள் கேள்வியைப் பார்த்தால் இப்போதைக்கு அது வேண்டாம் என்றுதான் எனக்குப் படுகிறது.

வயது 33 என்பது இந்தத் துறைக்குப் பிந்தவில்லை. உண்மையில் இடிக்கப்போவது சம்பளம். ஆரம்ப நிலை வேலை, உதாரணமாக இணையச் சேவைக் கம்பனிகளில் நெட்வேர்க்கை 24 மணித்தியாலமும் கண்காணிக்கும் பிரிவு, இரவுமுறையோடு வரும். சம்பளம் நீங்கள் இப்போது எடுப்பதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். 22 வயதுப் பிள்ளையோடு அந்த வரிசையில் நிற்பதைவிட உங்களுக்குப் பொருத்தமான கதவு வேறு. ஐம்பது, நூறு பேர் வேலை செய்யும் நடுத்தரக் கம்பனிகளுக்குக் கணக்கு மென்பொருளும் தெரிந்து நெட்வேர்க்கும் பார்க்கக்கூடிய ஒருவர் கிடைப்பதில்லை. மாத முடிவில் பில் கொம்பியூட்டர் நின்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு விளங்கும், சிசிஎன்ஏ மட்டும் வைத்திருப்பவருக்கு விளங்காது. விண்ணப்பத்தில் கணக்கு அனுபவத்தை மறைக்காமல் முன்னால் போடுங்கள். வேலை கைக்கு வரும்வரை இருக்கிறதை விடவும் வேண்டாம்.

பரீட்சைக்குப் பதியும்போது நம் ஆட்கள் தடக்குப்படும் ஒரு விடயம், பெயர். நாங்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதுவோம். பாஸ்போர்ட்டில் அதே பெயர் முழுதாக, குடும்பப் பெயர், மற்றப் பெயர்கள் என்று பிரிந்து கிடக்கும். பரீட்சை நடக்கும் பியர்சன் வியூ நிலையத்தில் பதிவிலுள்ள பெயரும் அடையாள ஆவணத்திலுள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். பிறகு காசும் போய்விடும். ஆகவே முதல் நாள் கணக்குத் திறக்கும்போதே பாஸ்போர்ட்டைப் பார்த்து, அதில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் அதற்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

இந்த வாரக் கழிவு போனால் போகட்டும். இன்றைக்கு இரவு பக்கெட் ட்ரேசரை இறக்கி, ஒரு மாதம் தனியாக, வாரம் நாலு மாலை ஒரு மணித்தியாலம் உட்காருங்கள். அந்த மாதம் முடியும்போதும் விருப்பம் அப்படியே இருந்தால் மூன்று நிலையங்களில் ஒவ்வொரு மாலை உட்கார்ந்து பாருங்கள். மாதம் மாதம் கட்டவிடுகிற இடமாக, நாலு பாடத்துக்குப் பதிலாகச் சிசிஎன்ஏயை மட்டும் எட்டு ஒன்பது மாதம் எடுத்து நடத்துகிற இடமாகத் தேர்ந்தெடுங்கள். கடையின் வரைபடத்தை முதல் நாளே கொண்டுபோய் ஆசிரியரிடம் காட்டுங்கள்.